ரிலீஸ் பேப்பரைச் சொல்லாமல் மாற்றாதீர்கள்: ஸ்டிக்கர் பொருள் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தானாக ஒட்டும் தாள், வினைல், லேபிள் ரோல் ஆகியவற்றைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய ரோலில் பெயர் பழைய பெயர்தான். குறியீட்டு எண்ணும் அதேதான். மேல்தாள் மாறவில்லை, பசை மாறவில்லை. பின்னால் லேபிளைத் தாங்கும், சிலிக்கான் பூசிய ரிலீஸ் பேப்பர் மட்டும் வேறாகிவிட்டது. அதைப் பற்றி ஒரு கடிதம் இல்லை, தரவுத்தாளில் ஒரு வரி திருத்தம் இல்லை. மெஷினில் ஏற்றி ஓட்டி, வெட்டு கெட்டு, லேபிள்களைச் சுற்றி மிஞ்சும் வேஸ்ட் அறுந்து, ஒன்றும் புரியாமல் கடைசியில் மைக்ரோமீட்டரை எடுத்து அளந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. உங்களில் ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைக் கூப்பிட்டுக் கேட்டேன். வந்த பதில் இது: "அச்சாகிற பக்கம் மாறவில்லையே சார். பின்னால் இருப்பது எப்படியும் உரித்துத் தூக்கிப் போடுவதுதானே."

இந்தப் பதிலுக்குத்தான் இந்த மடல். அந்த நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இதே பதிலை வேறு வேறு வார்த்தைகளில் மற்றவர்களிடமிருந்தும் கேட்டாயிற்று.

தூக்கிப் போடுவதுதான், மறுக்கவில்லை. ஆனால் தூக்கிப் போடுகிற நிமிடம் வரை எங்கள் வேலை முழுவதும் அதன் முதுகின் மேல்தான் நடக்கிறது. மெஷின் இழுப்பது அதைத்தான். லேபிளின் வடிவத்தை வெட்டும் கத்தி அச்சான டை இறங்கும்போது தாங்குவது அது. வேஸ்டை உரித்தபின் லேபிளைப் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். வாடிக்கையாளரின் ஒட்டும் இயந்திரத்தில் லேபிளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அதுவே. எடையில் பார்த்தாலும் சின்னப் பங்கு இல்லை. சாதாரணத் தாள் லேபிள் ஒன்றில் மேல்தாள் சதுர மீட்டருக்கு 80 கிராம், பசை 20, ரிலீஸ் பேப்பர் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். 160 கிராமில் 60 கிராம் பின்னால் இருக்கிறது. எங்களிடம் நீங்கள் விற்கிற சரக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் "எப்படியும் தூக்கிப் போடுவது" என்றால், அந்தப் பங்கு என்ன என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

வெட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எங்களுக்கு அதிக அடி விழுவது அங்கேதான். ரோட்டரி டையின் கத்தி உயரத்தை நாங்கள் ஆர்டர் கொடுக்கும்போதே ரிலீஸ் பேப்பரின் பருமனைச் சொல்லித்தான் கொடுக்கிறோம். டை உருளைக்கும் கீழே இருக்கும் அன்வில் உருளைக்கும் நடுவில் உள்ள இடைவெளி நிலையானது. அந்த இடைவெளியில் ரிலீஸ் பேப்பரின் பருமனைக் கழித்தால் வருவதுதான் கத்தியின் உயரம். மேல்தாளையும் பசையையும் வெட்டி, சிலிக்கான் பூச்சைத் தொடாமல் கத்தி நிற்க வேண்டும். 55 மைக்ரானுக்குச் செய்த டை என்னிடம் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய புதிய ரோலில் அளந்தால் 48. ஏழு மைக்ரான் குறைவு. மனிதத் தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குதான் இது என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் கத்தி நிற்கிற இடத்துக்கு ஏழு மைக்ரான் கீழே பொருள் இறங்கிவிட்டது. தாள் லேபிள் என்றால் ஓரளவு சமாளிக்கலாம், தாள் அழுத்தத்திலேயே பிளந்துகொடுக்கும். பிலிம் அப்படிப் பிளக்காது, முழுக்க வெட்டினால்தான் பிரியும். வெட்டு அரைகுறையாக நின்றதால் வேஸ்ட் சுருளும்போது லேபிளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகிறது.

அழுத்தத்தைக் கூட்டி ஒருவழியாக ஓட்டினோம். அதே டெலிவரியில் அடுத்து ஏற்றிய ரோல் பழைய 55 மைக்ரான்! பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. கூட்டி வைத்த அழுத்தத்தில் கத்தி சிலிக்கானையும் தாண்டித் தாளுக்குள் இறங்கிவிட்டது.

அது இறங்கியது எப்படித் தெரியும் என்று உங்கள் தொழில்நுட்ப ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, விற்பனை ஆட்களுக்காகச் சொல்கிறேன். வெட்டிய ரோலிலிருந்து ஒரு முழம் எடுத்து லேபிள்களை உரித்துவிட்டு, சிலிக்கான் பக்கத்தில் மார்க்கர் மையைத் தேய்த்துத் துணியால் துடைப்போம். சிலிக்கான் முழுசாக இருக்கும் இடத்தில் மை நிற்காது, திரண்டு வழிந்து துடைப்பில் போய்விடும். கத்தி கீறிய இடத்தில் மட்டும் இழைக்குள் இறங்கி லேபிளின் சுற்றுக்கோடு மயிரிழைபோல நீலமாகத் தெரியும். அந்த முழத்தில் எல்லா லேபிளுக்கும் நீலக் கோடு இருந்தது, மூலைகளில் தாளின் மறுபக்கம் வரைக்கும் ஊறியிருந்தது. அந்தக் கோட்டின் வழியே பசை தாளுக்குள் இறங்கும். அன்றைக்கே உரித்தால் லேபிள் வந்துவிடும். நாலைந்து நாள் கிடங்கில் இருந்துவிட்டால் தாளின் இழையைப் பிய்த்துக்கொண்டு வரும். ஒட்டும் இயந்திரத்தில் போட்டால் ரிலீஸ் பேப்பர் அந்தக் கோட்டிலேயே அறுந்து லைன் நிற்கும். அங்கே நிற்பது எங்கள் வாடிக்கையாளரின் உற்பத்தி, திட்டு வாங்குவது நாங்கள். உங்கள் பெயர் அந்தப் பேச்சில் வருவதே இல்லை.

பருமன் ஒரு பக்கம் இருக்கட்டும், சிலிக்கானைப் பற்றிப் பேசுவோம். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1 கிராம் பூசுகிறீர்கள், பருமனில் ஒரு மைக்ரான் அளவு. கிளாசின் என்கிற வழவழப்பான, ஒளி ஊடுருவும் ரிலீஸ் தாளைச் சூப்பர் காலெண்டர் உருளைகளில் நசுக்கி இறுக்குவதே அந்த ஒரு கிராம் தாளுக்குள் இறங்காமல் மேலே நிற்க வேண்டும் என்பதற்காகத்தான். தாளின் இறுக்கம் குறைந்தால் அதே ஒரு கிராமில் ஓட்டை விழும். சூட்டில் இறுகும் வகை என்றால் பிளாட்டினம் வினையூக்கி அடுப்பில் தன் வேலையை முடிக்க நேரம் வேண்டும். வேகத்தைக் கூட்டி அவசரப்படுத்தினால் சிலிக்கான் முழுக்க இறுகாது, மிச்சம் பசையின் மேல் ஏறிக்கொள்ளும். அப்புறம் லேபிள் ரிலீஸ் பேப்பரிலிருந்து அழகாகப் பிரியும், ஒட்ட வேண்டிய பாட்டிலிலிருந்தும் அதே அழகோடு பிரியும்.

இதையும் அச்சகத்திலேயே பார்க்கலாம். நல்ல செல்லோ டேப்பைச் சிலிக்கான் பக்கத்தில் அழுத்தி ஒட்டி, உரித்து, அந்த டேப்பை மடித்துப் பசையோடு பசை ஒட்டிப் பிரித்துப் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒட்டாத புது டேப் ஒன்றையும் அதேபோல் பிரித்துப் பார்த்தால் போதும், கைக்கே வித்தியாசம் தெரியும். விரலால் தேய்த்தால் ஈஷுகிறதா என்பது அதைவிட எளிது. இவை கைவைத்தியம்தான். முறையான சோதனைகள் உங்களிடம் இருக்கின்றன. பினாட் என்ற ஐரோப்பிய லேபிள் தொழில் சங்கத்தின் சோதனை முறைகளில் 3-ஆம் எண் 180 டிகிரியில் நிமிடத்துக்கு 300 மில்லிமீட்டர் வேகத்தில் உரிக்கும் விசையை அளக்கிறது. 4-ஆம் எண் அதையே நிமிடத்துக்கு 10 முதல் 300 மீட்டர் வரையான வேகத்தில் அளக்கிறது. சிலிக்கானைத் தொட்டபின் பசையின் ஒட்டும் வலிமையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதற்கு 11-ஆம் எண் இருக்கிறது. ஒவ்வொரு தொகுதிக்கும் ஏதோ ஒன்றைச் செய்துதான் அனுப்புகிறீர்கள் என்று நம்புகிறேன். அந்த முடிவு ஏன் எங்களுக்கு வருவதில்லை? வந்தாலும் ஏன் மெதுவேக எண் மட்டும் வருகிறது? எங்கள் மெஷினில் வேஸ்ட் உரிவது நிமிடத்துக்கு 300 மில்லிமீட்டர் வேகத்தில் இல்லையே. மெதுவாக உரிக்கும்போது வெண்ணெய்போல வரும் தாள், வேகத்தில் விட்டு விட்டுப் பிடித்து இழுப்பதை ஓட்டுகிற எவரும் கேட்டிருப்பார்கள். பட் பட் என்று சத்தம் வரும், சத்தம் வந்த சிறிது நேரத்தில் வேஸ்ட் அறும்.

உரிவு லேசாகிவிட்டாலும் வம்புதான். சிறிய உருளையைச் சுற்றித் திரும்பும்போது லேபிளின் முனை எழும்பும், சில சமயம் முழு லேபிளும் பறந்து போய் உருளையில் ஒட்டிக்கொள்ளும். இறுக்கமும் வேண்டாம், தளர்வும் வேண்டாம், போன முறை இருந்ததே இந்த முறையும் இருந்தால் போதும்.

பெரிய பிரிண்டர் வைத்திருப்பவர்களின் வழக்கு வேறு. வினைல் பிலிம் ஈரத்தை இழுக்காது, தாள் இழுக்கும். காற்றில் ஈரம் ஏறினால் பின்தாள் விரிந்து ஓரங்கள் அச்சுப் பக்கமாக நிமிரும். பிரிண்டரின் ஹீட்டர் அதைக் காய வைத்தால் தாள் சுருங்கி நடுப்பகுதி மேடாகும். மை தெளிக்கும் ஹெட்டுக்கும் பொருளுக்கும் நடுவில் ஓரிரு மில்லிமீட்டர்தான் இடம். நிமிர்ந்த ஓரம் ஹெட்டில் உரசினால் அந்த அச்சு மட்டும் கெடுவதில்லை, மை வரும் நுண்துளையான நாசிலே போய்விடும். இரண்டு பக்கமும் பாலிஎத்திலீன் பூசிய 140 கிராம் தாள் இதைப் பெருமளவு தாங்கும், களிமண் பூசிய கிராஃப்ட் தாள் அவ்வளவு தாங்காது. நீங்கள் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாறிவிட்டு, சேமிப்பு வழிமுறையில் 20 முதல் 25 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்று முன்பிருந்ததையே அச்சடித்து அனுப்புகிறீர்கள். ரோல் சுருள்கிறது என்று புகார் செய்தால் "உங்கள் அறையின் ஈரப்பதத்தைப் பாருங்கள்" என்கிறீர்கள். அறை அதே அறைதான். முன்பு வந்த ரோல் இதே அறையில் படுத்தபடி ஓடியது.

இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. நிறமற்ற பிலிம் லேபிளின் தெளிவைத் தீர்மானிப்பது ரிலீஸ் லைனரின், அதாவது தாளாகவோ பிலிமாகவோ இருக்கும் அந்தப் பின்பக்கத்தின், மேற்பரப்பு. பசை அதன் மேல் படிந்து அதன் அச்சையே எடுத்துக்கொள்கிறது. வழவழப்பான பாலியெஸ்டர் லைனரிலிருந்து வந்தால் கண்ணாடிபோல இருக்கும், தாளிலிருந்து வந்தால் தாளின் சொரசொரப்பு பசையில் மங்கலாகத் தெரியும். காற்று வெளியேறும் வினைலில் பசைக்குள் இருக்கும் நுண்ணிய வாய்க்கால்களும் லைனரில் பதித்த மேட்டின் பிரதிதான். ஆகவே அதை மாற்றினால் பின்பக்கம் மட்டும் மாறிற்று என்று சொல்ல வழியே இல்லை. மற்றது சென்சார். தெர்மல் லேபிள் பிரிண்டரின் இடைவெளி சென்சார், லேபிளுக்கும் லேபிளுக்கும் நடுவில் ரிலீஸ் பேப்பர் வழியாக வரும் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அடுத்த லேபிள் எங்கே தொடங்குகிறது என்று கணிக்கிறது. ஒளி ஊடுருவும் கிளாசினை எடுத்துவிட்டு ஒளி புகாத தாளைப் போட்டால் அந்தக் கணிப்பு தவறும், லேபிள்கள் வெறுமையாக ஓடும், பார்கோடு இரண்டு லேபிளில் பாதிப்பாதியாக விழும். வாடிக்கையாளர் பிரிண்டரைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறார். பழுது பிரிண்டரில் இல்லை.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். தாள் மெலிந்தால் ஒரே ரோலில் அதிக மீட்டர் சுற்றலாம், ரோல் மாற்றும் நேரம் மிச்சம், வண்டிச் சுமை குறைவு, குப்பையும் குறைவு. நல்ல மெல்லிய பாலியெஸ்டர் லைனர் பருமனில் தாளைவிடச் சீரானது, எளிதில் அறாதது, அதற்கேற்ற டை இருந்தால் நானே அதைக் கேட்டு வாங்குவேன். 2022-இல் பின்லாந்தின் தாள் ஆலைகளில் சனவரி தொடங்கி ஏப்ரல் வரை வேலைநிறுத்தம் நடந்தபோது கிளாசின் கிடைக்காமல் நம் தொழிலே திணறியது. அப்போது கையில் கிடைத்த தாளில் சிலிக்கான் பூசி அனுப்பினீர்கள், நாங்களும் முணுமுணுக்காமல் வாங்கி ஓட்டினோம். ஆனால் அந்த நெருக்கடி முடிந்து ஆண்டுகள் ஆகின்றன. நெருக்கடியில் பழகிய வழக்கம், அதாவது கிடைத்ததைப் போட்டுவிட்டுச் சொல்லாமல் இருப்பது, மட்டும் முடியவில்லை.

உரித்தபின் மிஞ்சும் மலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிலிக்கான் பூசிய தாளைச் சாதாரணப் பழைய பேப்பரோடு சேர்த்தால் ஆலை திருப்பி அனுப்பும், கூழாக்குவதில் தொல்லை தருவதால். தனியாகப் பிரித்து, அதற்கென்று வசதி உள்ள ஆலைக்குப் போனால் கிளாசினிலிருந்து மீண்டும் தாள் செய்ய முடியும். பாலியெஸ்டர் லைனரும் தனியாகச் சேர்ந்தால் மறுசுழற்சிக்கு உதவும். செலாப் என்ற கூட்டமைப்பில் லேபிள் தொழிலின் நிறுவனங்கள் சேர்ந்து இதற்காகவே வேலை செய்கின்றன. ஆனால் இதற்கெல்லாம் முதல் படி, கையில் இருப்பது கிளாசினா, களிமண் பூசிய கிராஃப்ட்டா, பாலிஎத்திலீன் பூசியதா என்று பிரிப்பவருக்குத் தெரிவது. எங்கள் வெட்டுப் பகுதியில் வேலை பார்க்கும் அக்கா, ஓரத்தைக் கிழித்து இழை எப்படிப் பிரிகிறது என்று பார்த்துச் சொல்லிவிடுவார். பிளாஸ்டிக் பூச்சு இருந்தால் கிழிந்த விளிம்பில் மெல்லிய ஆடைபோல இழுபடும். எல்லா வாடிக்கையாளரின் கிடங்கிலும் அந்த அக்கா இல்லை. சுழற்சி அம்புக்குறியைப் பெட்டியில் பெரிதாக அச்சடித்துவிட்டு, உள்ளே இருப்பது என்ன என்று எழுதாமல் விடுவதில் எனக்குக் கோபமே வருகிறது.

கேட்பவை இவைதான்.

ரிலீஸ் பேப்பரின் வகை, சதுர மீட்டர் எடை, பருமன், பருமனில் எத்தனை மைக்ரான் வரை கூடக்குறைய இருக்கும் என்ற வரம்பு, இந்த நான்கையும் மேல்தாளுக்கு எழுதுவதுபோலவே தரவுத்தாளில் எழுதுங்கள். "வெள்ளை ரிலீஸ் பேப்பர்" என்று மட்டும் எழுதுவது விவரம் ஆகாது.

இவற்றில் எது மாறினாலும் பொருளின் குறியீட்டு எண்ணை மாற்றுங்கள். ஒரு எழுத்தைச் சேர்த்தால்கூடப் போதும். புதிய டை செய்ய நேரம் இருக்கும்படி முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள், சோதித்துப் பார்க்க ஒரு சிறு ரோலையும் அதோடு அனுப்புங்கள். பழைய தாளும் புதிய தாளும் ஒரே டெலிவரியில் கலந்து வரவே கூடாது. கலந்து வந்தால் பிரித்துக் காட்டும் பொறுப்பு உங்களுடையது.

உரிவு விசையை மெதுவேகம், அதிவேகம் இரண்டிலும் அளந்து தொகுதி எண்ணோடு சேர்த்து அனுப்புங்கள். நாங்கள் கேட்டால் 11-ஆம் எண் சோதனையின் முடிவையும் தாருங்கள்.

ரோலின் வெளி உறையைக் கிழித்துவிட்டால் தொகுதி எண் போய்விடுகிறது. பாதி ரோலில் பிரச்சினை வந்து உங்களைக் கூப்பிட்டால் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான், அது அதற்குள் குப்பைக்கூடையில் இருக்கும். ரிலீஸ் பேப்பரின் பின்பக்கம் முழுக்க வெறுமையாகத்தானே கிடக்கிறது? பொருளின் எண், தாள் வகை, தொகுதி எண் மூன்றையும் அங்கே இடைவெளி விட்டு மெல்லிய சாம்பல் நிறத்தில் அச்சடித்துவிடுங்கள். சென்சார் குழம்பும் அளவுக்கு அழுத்தமாக வேண்டாம். உங்கள் லோகோவைப் போடுவதற்கு இடம் கண்டுபிடித்தவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை. மறுசுழற்சிக்குப் பிரிப்பவருக்கும் அதுவே அடையாளமாகும்.

பயன்படுத்திய ரிலீஸ் பேப்பரைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஏற்பாடு இருந்தால் அது எந்த வகைத் தாளுக்கு, குறைந்தது எவ்வளவு சேர்ந்தால் வண்டி வரும், எப்படிக் கட்டி வைக்க வேண்டும் என்று எழுதித் தாருங்கள். ஏற்பாடு இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டு அந்த அம்புக்குறியைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, சொல்லாமல் மாற்றிய ரிலீஸ் பேப்பரால் கெட்ட வேலைக்கு ரோலின் விலையை மட்டும் கழித்துக்கொடுப்பதாகச் சொல்கிறீர்கள். அதில் ஏறிய மை, வெட்டிய டை, ஓடிய மெஷின் நேரம், வாடிக்கையாளர் எங்களிடம் பிடித்துக்கொண்ட தொகை எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. மேல்தாள் தரம் தவறினால் எந்த விதிப்படி ஈடு செய்வீர்களோ, அதே விதியை ரிலீஸ் பேப்பருக்கும் விற்பனை நிபந்தனையில் எழுதுங்கள். அடுத்த ஆர்டர் போடும் முன் உங்கள் புதிய நிபந்தனைத் தாளைக் கேட்பேன். இதைப் படிக்கும் மற்ற அச்சகத்தாரும் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
லேபிளும் ஸ்டிக்கரும் அச்சிட்டு வெட்டித் தரும் ஓர் அச்சகத்தார்